துக்க வீட்டு எண்ணெய்ச்சட்டி

அந்த வருஷம் கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கோல் கேட்டு யாரும் வரவில்லை.

மலாக்கா காஜா பேராங்கில் பால்காரர் சின்னப்பா வீட்டு வைக்கோல்தான் இருபது வருஷமாகக் கோயில் குடிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில்கூட அது நிற்கவில்லை. டிசம்பர் பிறந்து இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்ததும், உபதேசியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குள் வருவார். சின்னப்பா சாணி படாத, சாரல் அடிக்காத கட்டாகப் பார்த்து இறக்கிக் கொடுப்பார். தொழுவத்தில் பிறந்த சாமிக்கு மாடு வைத்திருக்கிறவன் கொடுக்காமல் அரிசிக்கடைக்காரனா கொடுப்பான் என்று அவருக்கு ஒரு தலைக்கனம். நாலு மாடும் ஒரு சைக்கிளும் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனுஷன். பெருமைப்பட அவருக்கு இருந்தது இரண்டே விஷயம். ஒன்று இந்த வைக்கோல், இன்னொன்று மகன்.

இருபதாம் தேதி ஆகியும் ஆள் வரவில்லை. அன்று மத்தியானப் பால் ஊற்றி முடித்ததும் சின்னப்பா தானே ஒரு கட்டை எடுத்துச் சைக்கிளில் கட்டினார். மழை பிடித்துக்கொண்டது. கட்டின்மேல் சாக்கைப் போட்டுவிட்டுத் தான் நனைந்துகொண்டே மிதித்துப் போனார். கோயிலுக்குள் குடில் ஏற்கெனவே நின்றது. வைக்கோல் பரப்பி, மாதாவையும் சூசையப்பரையும் வைத்தாகிவிட்டது.

“யாரு குடுத்த வைக்கோலு இது?”

உபதேசியார் ஏணியிலிருந்து இறங்கினார். “நீயேன்பா மழையில வந்த? உஜோங் பாசிர்ல ஒரு செரானிக்காரரு கொண்டாந்து போட்டாரு.”

“மீன் பிடிக்கிற பறங்கிகிட்ட ஏது வைக்கோலு? என் வைக்கோலு புளிச்சுப்போச்சோ?”

“அப்படிச் சொல்லாத சின்னப்பா. துக்க வீட்டுல வாங்க வேணாம், ஒரு வருஷம் போகட்டும்னு நெனைச்சோம்.”

“எவன் வீட்டுல துக்கம்?”

உபதேசியார் துணியை எடுத்து மாதாவின் காலடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“எவன் வீட்டுல துக்கம்னு கேட்டேன். பொணத்த நீ பாத்தியா? குழி தோண்டினியா? மணி அடிச்சியா?”

“உள்ள சாமியார் இருக்காரு, மெல்லப் பேசு.”

“அவரு பாத்தாரா? வந்து சொல்லச் சொல்லு.”

யாரும் வந்து சொல்லவில்லை. கொண்டுபோன கட்டைக் கோயில் படியிலேயே மழையில் போட்டுவிட்டு சின்னப்பா வீடு திரும்பினார்.

மகன் பெயர் தேவதாஸ். இருபத்து நாலு வயது. மலாக்கா ஆற்றங்கரையில் அரிசிக் கடை வைத்திருந்த ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், படகு வேலை. சுமத்ராவுக்கு அரிசியும் துணியும் ஏற்றிப் போய், வரும்போது பாக்காவ் என்கிற சதுப்புநில மர விறகு ஏற்றிக்கொண்டு வருவார்கள். மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏற்றிப் பதினெட்டாம் நாள் போன படகு திரும்பவில்லை. நடுக்கடலில் சுமத்ராக் காற்று அடித்தது, பலகை இரண்டும் பாய்த்துணியும் கிடைத்தன, ஐந்து பேரும் போய்விட்டார்கள் என்று தவுக்கே ஆள் அனுப்பிச் சொன்னார்.

சின்னப்பா நம்பவில்லை. அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று நாற்பது வருஷமாக ஊர் அவரைச் சந்தேகப்பட்டு, பதிலுக்கு அவர் ஊரையே சந்தேகப்படப் பழகிவிட்டார். படகு கரை ஒதுங்கியிருக்கும், அந்தப் பக்கத்துப் போலீசு பிடித்து உள்ளே வைத்திருக்கும், செலவுக்குப் பயந்து தவுக்கே கதை கட்டுகிறான் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடை வாசலை மிதிக்கவே இல்லை.

அவர் முடிவுக்கு ஆதாரம் ஒன்று இருந்தது. தேவதாஸ் நீச்சல்காரன். பதினாலு வயதில் ஒரு கிடேரி அறுத்துக்கொண்டு ஓடி ஆற்றில் விழுந்து அக்கரை ஏறிவிட்டது. “மாடு இல்லாம வூட்டுக்கு வந்தே, காலை ஒடிச்சுப்புடுவேன்” என்று மகனை விரட்டினார். பையன் பொழுது சாயும் நேரத்தில் சொட்டச் சொட்ட நனைந்து, கிடேரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். எப்படிடா என்றதற்கு, நீந்திப் போய்ப் பிடித்தேன் என்றான். மழைக்காலத்து மலாக்கா ஆற்றை நீந்தினவன்! பத்து வருஷமாகப் பால் ஊற்றுகிற வீடெல்லாம் அந்தக் கதை போயிருக்கிறது. தலைமுறையாக மலாய் பேசியே பழகிப்போன மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் வராது. அவர்களுக்கு மலாயில் சொல்வார். தவுக்கேயிடம் வேலை கேட்டுப் போனபோதும் அதைத்தான் சொன்னார்.

வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். என் மகன் செத்தான் என்று சொல்கிற வாய் இந்த வீட்டில் சோறு தின்னக் கூடாது. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் அன்று மனைவி கண்ணம்மா ஒரு மெழுகுவர்த்தியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பிடுங்கித் தொழுவத்தில் வீசினார்.

மருமகள் விஜயாவுக்கு இருபது வயது. கல்யாணமாகி எட்டு மாதம்தான் புருஷனோடு இருந்தாள். சனிக்கிழமைதோறும் சின்னப்பா பாசாரில் பூ வாங்கி வந்து அவள் முன்னால் வைப்பார். அவளும் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாள். குருபோங் பக்கத்துக் கித்தாக்காட்டு ரப்பர்மரங்களில் பால் வெட்டும் அவள் அண்ணன் நல்லையா டிசம்பர் முதல் வாரத்தில் வந்து, கூடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

“மாமா, தங்கச்சிய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“தாராளமா. பொங்கலுக்கு நாலு நாளு இருந்துட்டு வரட்டும்.”

“அது இல்ல மாமா. சின்னப் பொண்ணு. இனிமே அவளுக்குன்னு ஒரு வழி பாக்கணும்ல?”

“அவ புருஷன் வந்து எங்க என் பொண்டாட்டின்னா, கித்தாக்காட்டுல வேற ஒருத்தனுக்குச் சோறாக்குறான்னு நான் சொல்றதா? வெளிய போடா!”

நல்லையா தங்கையைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். பஸ் ஏறிப் போய்விட்டான்.

இப்படி இருந்த வீட்டில்தான் அந்தக் கிறிஸ்மஸ் வந்தது.

மற்ற வருஷங்களில் அந்த வாரம் வீடு கொள்ளாது. சின்னப்பா மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டுவார். தேவதாஸ் காகிதம் ஒட்டுவான், பசையை மாட்டுக்கும் பூசுவான். இருபத்து நாலாம் தேதி மாடுகளுக்குக் குளியல், கொம்புக்கு ரிப்பன். கண்ணம்மா முறுக்கு அச்சைக் கழுவி வெயிலில் வைத்தாள் என்றால் தெருப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. கண்ணம்மா தோட்டத்தில் பிறந்த இந்துப் பெண். கல்யாணத்துக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கினாள். தீபாவளிக்கு அக்கம்பக்கத்திலிருந்து தட்டு வரும், கிறிஸ்மஸுக்கு இங்கிருந்து தட்டு போகும்.

இந்த வருஷமும் நட்சத்திரம் கட்டினார். தனியாகக் கட்டினார். அது ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் கோயில் பாட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு தெருவில் வந்தார்கள். எதிர் வரிசையில் பாடினார்கள். சின்னப்பா வீட்டுக்கு நாலு வீடு முன்னால் மேளம் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு கடந்து, நாலு வீடு தள்ளித்தான் மறுபடியும் அடித்தார்கள். அவர் தட்டில் காசும் வாழைப்பழமும் வைத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“டேய், நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியலையா? குருட்டுப் பசங்களா!”

யாரும் திரும்பவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வந்தாள். அவள் புருஷன் நடராஜன் முனிசிபல் வண்டி ஓட்டுகிறவன். கையில் தட்டு, மேலே வெள்ளைத் துணி. சின்னப்பா பால்கேன் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா இல்லையாண்ணே?”

“இருக்கா. என்ன தட்டு?”

“ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சம் முறுக்கு, அதிரசம்.”

“தீவாளி போயி ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப என்ன அதிரசம்?”

பூங்காவனம் கண்ணம்மாவைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச்சட்டி ஏறாது. நல்ல நாள் வந்தால் அக்கம்பக்கம்தான் பலகாரம் சுட்டுக் கொடுக்கும். இந்தச் சட்டம் தெரியாதவன் காஜா பேராங்கில் இல்லை. இந்துவானாலும் வேதக்காரனானாலும் ஒன்றுதான்.

“கொண்டு போ,” என்றார் சின்னப்பா.

“அண்ணே, மனசார...”

“கொண்டு போன்னேன். உன் புருஷன் நல்லாத்தான இருக்கான்? அவனுக்குப் போடு.”

பூங்காவனத்தின் முகம் சுருங்கிவிட்டது. “நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை இழுத்து மூடிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

சின்னப்பா ஈரக்கையோடு அடுப்படிக்குப் போனார்.

“கண்ணம்மா! இன்னிக்கு எண்ணெய்ச்சட்டி வைக்கிற. அச்சுமுறுக்கு சுடுற. தெருவே மோந்து பாக்கணும்.”

கண்ணம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. “என்னால ஆகாதுங்க.”

“ஏன் ஆகாது?”

“ஆகாது. அடிக்கிறதா இருந்தா அடிங்க.”

முப்பது வருஷத்தில் அவள் ஆகாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் அடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அரிசிமாவு, பத்து முட்டை, இரண்டு தேங்காய், ஒரு தகரம் தேங்காயெண்ணெய் எல்லாம் வாங்கி வந்தார். கண்ணம்மா படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரே தேங்காய் துருவினார். விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டார். பால் பிழிந்து, மாவில் முட்டை உடைத்து ஊற்றிக் கலக்கினார். ஓடு விழுந்ததை விரலால் தோண்டி எடுத்தார். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்தது. சட்டியில் எண்ணெய் காய்ந்தது.

பித்தளை அச்சைப் பரணிலிருந்து எடுத்து நேராக மாவில் முக்கி எண்ணெயில் விட்டார். மாவு அச்சில் நிற்காமல் கழன்று கட்டியாக அடியில் போய் உட்கார்ந்து கருகியது. மறுபடி முக்கினார். மறுபடி கழன்றது. மூன்றாம் தடவை தலைவரை முக்கினார். அச்சைக் கவ்விக்கொண்டு வெந்தது, உதறினால் வரவில்லை. கரண்டியால் தட்டினார். எண்ணெய் மணிக்கட்டில் தெறித்தது. புகை கூரை வழியாகத் தெருவுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பேச்சுச் சத்தம் அடங்கியது.

“அச்ச மொதல்ல எண்ணெயில காய வைக்கணும் மாமா.”

வாசற்படியில் விஜயா நின்றாள். அவள் தானாகப் பேசிப் பல நாளாகிவிட்டது. கிட்டே வந்து அச்சை வாங்கினாள். ஒட்டியிருந்ததைச் சுரண்டிவிட்டு எண்ணெயில் முக்கி வைத்தாள்.

“சூடேறணும். அப்புறம் மாவுல முக்கால்வாசிதான் முக்கணும். தலை முங்கக் கூடாது.”

எண்ணெயில் காட்டி ஒரு உதறு உதறினாள். பூ மாதிரி கழன்று மிதந்தது. இன்னொன்று. இன்னொன்று. சின்னப்பா பக்கத்தில் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐந்தாறு ஆனதும் அவருக்கு மனசு கொஞ்சம் இறங்கி வந்தது.

“நீயாவது சொன்னதக் கேட்டியே. நாளைக்கே வந்து நின்னான்னு வையி, அச்சுமுறுக்கு எங்கன்னுதான் மொதல்ல கேப்பான்.”

விஜயா அச்சை எண்ணெயிலேயே வைத்துவிட்டாள்.

“வர மாட்டாரு மாமா.”

“வாய மூடு.”

“நீங்க சோறு போடாட்டிப் பரவால்ல. எங்க அண்ணன் வூட்டுல கஞ்சி குடிச்சுக்கிறேன். வர மாட்டாரு.”

“தவுக்கே சொன்னானா?”

“தவுக்கே இல்ல. படகுல சோறாக்குற மலாய்க்காரப் பெரியவரு. அஞ்சு பேருல அவரு ஒருத்தருதான் பொழைச்சு வந்தாரு. அக்டோபர்ல, நீங்க புல்லுக்குப் போயிருந்தப்ப, இங்க வந்தாரு. இந்த எடத்துலதான் உக்காந்தாரு. அத்தையும் நானும் பூங்காவனம் அக்காவும் இருந்தோம்.”

சின்னப்பா விறகைத் தள்ளுவதை நிறுத்தினார்.

“விறகு சரிஞ்சு படகு கவுந்துச்சாம். எல்லாரும் தண்ணியில. கரை கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாம் மாமா. ரெண்டு பேரு நீந்திப் பாத்தாங்களாம். இவரு மட்டும் வுழுந்த எடத்துலயே ரெண்டு தரம் மேல வந்தாராம். அப்புறம் வரலையாம்.”

“பொய்யி. அவன் ஆத்தையே நீந்தினவன்.”

“நீந்தல மாமா.”

“என்ன நீந்தல? கிடேரியப் பிடிச்சுட்டு வந்தான், நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்!”

“பாலத்து மேல சுத்திப் போயிப் பிடிச்சாரு. நேரமாச்சு, நீங்க அடிப்பீங்கன்னு பயம். படித்துறையில உக்காந்து தலையில தண்ணிய மொண்டு ஊத்திக்கிட்டு வந்தாரு. கல்யாணமான புதுசுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அவருக்கு இடுப்புத் தண்ணியே பயம்.”

“பயம்னா படகு வேலைக்கு ஏன் போனான்?”

விஜயா சொல்ல வேண்டிய தேவை இல்லை. அந்தக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, மகனை முன்னால் தள்ளி நிறுத்தி, இவன் ஆற்றையே நீந்தினவன் என்று சொன்ன வாய் யாருடையது என்று சின்னப்பாவுக்குத் தெரியும். அப்போது பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கம் என்று அவர் நினைத்தார்.

“எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?”

“சொன்னா இந்த வூட்டுல சோறு இல்லன்னீங்க. அத்தை இந்த வயசுல எங்க போவும்?” பின்தலையைத் தொட்டுக்கொண்டு, “நீங்க கொண்டார பூவ, நீங்க பாலுக்குப் போனதும் எடுத்துருவேன் மாமா. மன்னிச்சுக்குங்க,” என்றாள்.

எண்ணெயில் கிடந்த அச்சில் மாவு கருக ஆரம்பித்தது. சின்னப்பா விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். புகை இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. மூடிய கதவுக்குள் கண்ணம்மா அழுவது கேட்டது. மெல்ல ஆரம்பித்து, யாரும் அதட்டவில்லை என்றதும் பெரிதாக, பெயர் சொல்லி, மார்பில் அடித்து அழுதாள். மூன்று மாதமாக அடக்கி வைத்த அழுகை. விஜயா எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

சின்னப்பா வெளியே வந்தார். மழை விடவில்லை. தொழுவத்துப் பக்கம் போகப் பார்த்தார், மாடு ஒன்று தலையைத் தூக்கிக் கத்தியது, போகவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு பூங்காவனம் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றார்.

பூங்காவனம் பயந்துவிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தாள். “அண்ணே, காலையில நான் வேணும்னு...”

“கொண்டாந்தியே, அதக் குடு.”

“என்னண்ணே?”

“பலகாரம். துக்க வீட்டுக்குக் குடுக்கிறது.”

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே அவள் பிள்ளைகள் மூன்றும் காலித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. கடைசிப் பிள்ளையின் கன்னத்தில் அதிரசத் துணுக்கு ஒட்டியிருந்தது.

“ஐயோ, வேணாம்னு சொல்லிட்டீங்களேன்னு பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேனே. பாவி நான்.”

“தின்னட்டும். பிள்ளைங்கதான.”

“உள்ள வந்து உக்காருங்கண்ணே. மாவு இருக்கு. இப்பவே போட்டுத் தரேன். டேய், மாமாவுக்குத் துண்டு எடுத்துக் குடு.”

அவர் உள்ளே வரவில்லை. படியில், கூரைத் தண்ணீர் தோளில் விழுகிற இடத்திலேயே உட்கார்ந்தார். பூங்காவனம் அடுப்பில் விறகை நுழைத்து எண்ணெய்ச்சட்டியை ஏற்றினாள். கண்ணம்மாவின் ஒப்பாரி வேலியைத் தாண்டிக் கேட்டது. பூங்காவனம் அதைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாவு பிசைந்தாள். மாவு எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல் நிமிர்ந்தாள்.

“சொந்தக்காரங்க யாரும் வராங்களாண்ணே? எத்தனை பேருக்குப் போடட்டும்?”

சின்னப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு பேருக்கு,” என்றார். “பொங்கலுக்குள்ள விஜயாவ அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். இப்ப மூணு பேருக்குப் போடு.”